நிற்காமல் ஏறிய பசால்ட்டும் அது சுமந்த பச்சைக் கற்களும்

தக்காணத்தின் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை, இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடிக் கிடக்கிறது. மகாபலேஷ்வர் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக, பாய்வின் மேல் பாய்வாக அடுக்கி நிற்கிறது. அத்தனை குழம்பும் பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தில் பிறந்ததுதான். ஆனால் அந்த அடுக்குகளில் நாள் முழுக்கச் சுத்தியலோடு அலைந்தாலும் கவசத்தின் துண்டு ஒன்று கையில் கிடைப்பது அரிது. வடமேற்கே கட்ச்சில் நிலைமை வேறு. புஜ் நகரை ஒட்டி, கோட்டை மதிலோடு நிற்கும் புஜியா குன்றும் அந்த வட்டாரத்தின் வேறு சில சிறு பசால்ட் குன்றுகளும் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காண எரிமலைக் காலத்தை ஒட்டி உருவானவை. அளவில் தக்காணத்தோடு ஒப்பிடவே முடியாத இந்தக் குன்றுகளின் கரும்பாறைக்குள்தான் பச்சை நிறத் துண்டுகள் பதிந்திருக்கின்றன. அவை கவசத்தின் பாறை; உருகாமல், உடைந்து, குழம்போடு மேலே வந்தவை. செனோலித் என்று புவியியலாளர் சொல்வது இவற்றைத்தான்.

பெரிய எரிமலைக்குக் கிடைக்காதது சின்னக் குன்றுக்கு எப்படிக் கிடைத்தது? குழம்பின் வகையும் அது வந்த விதமும்தான் காரணம். தக்காணத்தின் பெரும்பகுதி தோலீயைட் வகை. கவசம் கணிசமான அளவில் உருகிப் பிறக்கும் இந்தக் குழம்பு மேலோட்டுக்குள் அறைகளில் தங்கி, குளிர்ந்து, ஆலிவின் போன்ற கனமான படிகங்களை அடியில் விட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறது. தக்காணப் பாய்வுகள் பெரும்பாலானவற்றில் மக்னீசியம் ஆக்சைடு 5 முதல் 7 சதவீதமாகக் குறைந்திருப்பது அந்தத் தங்கலின் தடயம். வழியில் பிடுங்கி வந்த கல் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அங்கேயே படிந்திருக்கும். ஆல்கலி பசால்ட், பசனைட், நெஃபலினைட் ஆகியவையோ கவசத்தில் சில சதவீதம் மட்டும் உருகிப் பிறப்பவை. அளவு குறைவு, கரைந்துள்ள கார்பன் டைஆக்சைடும் நீரும் அதிகம். அவை பிளவைத் திறந்துகொண்டு ஒரே மூச்சில் மேலே ஏறிவிடுகின்றன.

ஆகவே பச்சைத் துண்டு ஒன்று கிடைத்தால், அது தரும் முதல் செய்தி சுமந்து வந்த குழம்பு வழியில் அதிகம் தங்கவில்லை என்பதே. கவசத்தைப் பற்றிய செய்தி அடுத்ததுதான். இந்த வரிசையை மறந்துவிட்டு எழுதப்படும் விளக்கங்கள் ஏராளம்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது

உலகில் மிக அதிகம் ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சான் கார்லோஸ் அப்பாச்சி பழங்குடியினரின் நிலத்தில் உள்ள பெரிடாட் மேசா. மேசை போலத் தட்டையான மேட்டின் தலையில் பசனைட் பாய்வு ஒன்று மூடியிருக்கிறது. அதற்குள் பச்சைக் கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. நகைக்கடைக்கு வரும் பெரிடாட் இங்கே தனியாக விளைவதில்லை. செனோலித் சிதைந்து உதிரும் ஆலிவின் மணிகளில் தெளிவானவையே பெரிடாட். தோண்டும் உரிமை அந்தப் பழங்குடியினருக்கு மட்டுமே. வெளியார் அனுமதியின்றி ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. பாறைக்குள் மணிகளே சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரைதான் இருக்கும் என்பதால் பட்டை தீட்டிய பின் 5 காரட்டைத் தாண்டும் கல் இங்கே அபூர்வம். இதே இடத்து ஆலிவின், உலகெங்கும் ஆய்வகங்களில் கருவிகளை அளவு திருத்தும் தரக்கல்லாகவும் பயன்படுகிறது.

புதிதாக உடைத்த சான் கார்லோஸ் துண்டை 10 மடங்கு கைலென்ஸில் பார்த்தால் நான்கு நிறம் தெரியும். மஞ்சள் கலந்த இளம்பச்சை ஆலிவின். கல்லின் 60 முதல் 65 சதவீதம் அதுதான். தேன் பழுப்பில், தட்டையான பிளவு முகம் பளிச்சிட நிற்பது என்ஸ்டடைட், சுமார் 20 முதல் 25 சதவீதம். மரகதமோ என்று புதியவர்கள் குதிக்கும் கரும்பச்சைப் புள்ளிகள் குரோம் டயாப்சைடு, 10 முதல் 15 சதவீதம். மிச்சம் 1 முதல் 3 சதவீதம் கருப்பு ஸ்பைனல். இந்த நான்கும் சேர்ந்த பாறை லெர்சொலைட். டயாப்சைடு 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹார்ஸ்பர்கைட். ஆலிவின் மட்டுமே 90 சதவீதத்தைத் தாண்டினால் டியூனைட்.

களத்தில் தவறாமல் பார்க்க வேண்டியது அந்தப் பழுப்பு என்ஸ்டடைட்டை. பசால்ட்டுக்குள் பச்சை ஆலிவின் குவியல் இருந்தாலே அது கவசத் துண்டு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குழம்பு தானே வளர்த்த ஆலிவின்கள் ஒன்றுகூடிக் கட்டியாகலாம். மேலோட்டு அறையின் அடியில் படிந்த ஆலிவின் திரளை அடுத்த வெடிப்பு பெயர்த்துக்கொண்டும் வரலாம். ஹவாயில் ஹுவலாலாய் எரிமலை 1800-1801இல் கக்கிய பாய்வில் கூழாங்கல் படுகை போல நெருங்கிக் கிடக்கும் டியூனைட், வெர்லைட், காப்ரோ துண்டுகளில் பெரும்பாலானவை இப்படிப் படிந்த திரள்களே. சிலிக்கா பற்றாக்குறை உள்ள ஆல்கலி பசால்ட்டில், குறைந்த அழுத்தத்தில், என்ஸ்டடைட் நிலைக்காது. அந்தக் குழம்பு அதைத் தானாக வளர்க்காது. ஆகவே ஆல்கலி பசால்ட்டுக்குள் என்ஸ்டடைட் கண்ணில் பட்டால் அது வெளியாள். வானிலையில் சிதைந்த கல்லில் இந்த அடையாளம் கஷ்டம்: ஆலிவின் செம்பழுப்பு இடிங்சைட்டாக மாறிவிட, இரண்டு பழுப்பும் குழம்பிப்போகும். அப்போது சுத்தியலால் உட்புறத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

சான் கார்லோஸ் கற்களை 1978இல் ஃப்ரே, பிரின்ஸ் என்ற இரு புவியியலாளர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை மேலே சொன்ன பச்சைக் கல். இரண்டாம் வகை கருப்பு: அலுமினியம் செறிந்த ஆகைட், ஸ்பைனல், சிலசமயம் கெயர்சுடைட் என்ற ஆம்ஃபிபோல் (நீர்ச்சத்துள்ள கனிம வகை) கொண்டது. கவசத்தின் விரிசல்களில் முன்பே புகுந்த குழம்புகள் அங்கேயே உறைந்து பதித்த நரம்புகளின் துண்டுகள் இவை. ஒரே கல்லில் பச்சையும் கருப்பும் ஒட்டியிருக்கும் கூட்டுத் துண்டு கிடைத்தால் அதை உடைக்காமல் முழுதாகக் கொண்டுவர வேண்டும். நரம்பு பச்சைப் பாறையை எவ்வளவு தூரம் மாற்றியிருக்கிறது என்பதை எல்லையிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளக்க வேறு வழி கிடையாது. பலர் அந்த எல்லையிலேயே சுத்தியலை வைக்கிறார்கள், கல் அங்கேதான் சுலபமாக விடுபடும் என்பதால்.

எவ்வளவு வேகம்

லெர்சொலைட், ஹார்ஸ்பர்கைட், டியூனைட் மூன்றுக்கும் பொதுப்பெயரான பெரிடோடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.3 கிராம். பசால்ட் குழம்பின் அடர்த்தி 2.7 முதல் 2.8. கல் எப்போதும் குழம்புக்குள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அது அமிழும் வேகத்தைவிடக் குழம்பு வேகமாக ஏறினால்தான் கல் மேலே வரும். எனவே ஒரு பாய்வில் கிடைக்கும் மிகப் பெரிய கல், குழம்பின் வேகத்துக்குக் கீழெல்லை தருகிறது.

20 செ.மீ. விட்டமுள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 500 கிலோ, குழம்பின் பாகுநிலை 10 பாஸ்கல்-வினாடி. தேனுக்குப் பக்கத்தில் வரும் கெட்டித்தன்மை. திரவத்தில் உருண்டை அமிழும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் விதியை அப்படியே போட்டால் வினாடிக்கு 1.1 மீட்டர் வருகிறது. இது தவறு. அந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டு ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் எண்) 60ஐத் தொடுகிறது. ஸ்டோக்ஸ் விதியோ அது 1ஐவிடக் குறைவாக இருக்கும்போதுதான் பொருந்தும். இழுவைக் கெழுவைத் திருத்திப் போட்டால் விடை வினாடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 50 கி.மீ. ஆழத்திலிருந்து அதே வேகத்தில் வந்தால் சுமார் 30 மணி நேரம். பாகுநிலையை 50ஆக உயர்த்தினால் அமிழும் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டருக்குக் கீழே இறங்கும். பயணம் மூன்று நாளைத் தாண்டும். குமிழிகளும் படிகங்களும் நிறைந்த குழம்பு கல்லைத் தாங்கிப்பிடிக்கும் வலிமை பெறுவதால் உண்மையான கீழெல்லை இன்னும் குறையலாம்; இந்தக் கணக்கில் பலரும் விடும் ஓட்டை அதுதான்.

இன்னொரு பக்கமிருந்தும் இதே கேள்வியை அணுகலாம். கவசத்து ஆலிவினில் ஹைட்ரஜன் மிகச் சிறிதளவு கரைந்திருக்கிறது. அழுத்தம் குறையக் குறைய அது மணியின் ஓரத்திலிருந்து வெளியேறும். பட்டகோனியாவின் தென்கோடியில் பாலி அய்க்கே எரிமலைக் களத்துக் கற்களில் மணியின் நடுவில் ஹைட்ரஜன் நிறைந்தும் ஓரத்தில் வற்றியும் இருப்பதை அகச்சிவப்பு அலைமாலையில் அளந்து, பயணம் சில மணி நேரமே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்டோக்ஸ் கணக்கு தருவது வேகத்தின் கீழெல்லை. ஹைட்ரஜன் தருவது நேரத்தின் மதிப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

இரும்பும் மக்னீசியமும் இடம் மாறும் வேகம் இதைவிட மிக மெது. சுமார் 1200 டிகிரி செல்சியஸில் ஒரு நாளைக்கு ஆலிவின் ஓரத்தில் மாறும் அகலம் சில மைக்ரான்கள்தான். நூறு மைக்ரான் அகலத்துக்கு இரும்பு ஏறியிருந்தால் கல் குழம்புக்குள் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட, கிடந்திருக்கிறது என்று பொருள். ஒரே பாய்வின் கற்களில் சிலவற்றில் ஓரம் மெல்லியதாகவும் சிலவற்றில் அகலமாகவும் இருப்பதுண்டு. அவை ஒரே நாளில் பிடுங்கப்பட்டவை அல்ல; அகல ஓரக் கற்கள் ஏதோ ஓர் ஆழத்தில் தேங்கி நின்ற குழம்பில் காத்திருந்து, பிறகு வந்த புதிய குழம்போடு ஏறியவை.

பயணம் கல்லுக்குச் செய்யும் கெடுதல்

கல் வெளியே வரும்போது அது கவசத்தில் இருந்த கல்லாகவே இருப்பதில்லை. குழம்பு தொட்ட என்ஸ்டடைட் கரைந்து, அதன் இடத்தில் சிறு ஆலிவின்கள், கிளைனோபைராக்சீன் (டயாப்சைடும் ஆகைட்டும் சேர்ந்த கனிமக் குடும்பம்), கண்ணாடி ஆகியவை கொண்ட விளிம்பு உருவாகும். டயாப்சைடின் ஓரம் சல்லடையாகப் பொத்தல் விழும். ஸ்பைனலின் விளிம்பு கருத்து நுரைக்கும். ஆம்ஃபிபோல் இருந்தால் அழுத்தம் தளர்ந்ததும் அது சிதைந்து கண்ணாடியும் குமிழிகளுமாக மாறும். மணிகளின் இடைவெளி வழியே பசால்ட் முடி அளவு நரம்பாக உள்ளே நுழையும். 5 செ.மீ. கல்லில் இந்தப் பாதிப்பு நடுவரை போய்விடும்.

வேதி ஆய்வுக்கு 10 செ.மீ.க்குக் குறையாத கல்லைத் தேர்வது இதனால்தான். வைர முனை ரம்பத்தால் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. அறுத்து எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அறுத்த முகத்தை நனைத்துப் பார்த்தால் கருநரம்பு எங்கே போகிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தையும் தள்ளிவிடலாம். பாலைநிலத்துக் கற்களில் இன்னொரு தொல்லை வெண்மையான சுண்ணப் படிவு. விரிசலுக்குள் அது இருந்தால் முழுப்பாறையின் கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் பொய்யாக உயரும். நொறுக்கிய மணிகளை இருகண் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய பிறகே ஐசோடோப் அளவைக்கு அனுப்புவார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு முழுப்பாறையைப் பொடித்து அளந்த எண்களை நம்ப முடியாது. லெர்சொலைட்டில் அருமண் தனிமங்களும் ஸ்ட்ரான்சியமும் மிகக் குறைவு. பசனைட்டில் அவை பல மடங்கு. ஓரிரு சதவீதக் கலப்பே போதும், கவசத்தின் கையொப்பத்தின் மேல் பசால்ட்டின் கையொப்பம் ஏறிவிடும்.

கனிம விகிதம் எடுப்பதிலும் சறுக்கல் உண்டு. 0.03 மி.மீ. தடிமனில் தேய்த்த ஒரு மென்தகட்டில் ஆயிரம் புள்ளி எண்ணினாலும், மணிகள் 3 முதல் 5 மி.மீ. பெரியவை என்பதால் அந்தத் தகட்டுக்குள் வருவது சுமார் நூறு மணிகளே. டயாப்சைடு கொத்தாக அமையும் பாறையில் ஒரு தகடு 8 சதவீதமும் பக்கத்துத் தகடு 16 சதவீதமும் காட்டலாம். பெரிய அறுத்த பலகையைப் படம் எடுத்து அதன் மேல் எண்ணுவதோ, முழுப்பாறை வேதியியலையும் கனிம வேதியியலையும் வைத்து நிறைச் சமன்பாட்டில் விகிதம் கணக்கிடுவதோ நம்பகமானது.

தனிப் படிகங்கள்: யார் வீட்டுப் பிள்ளை?

பாறைத்துண்டோடு கூடவே, ஒரு சென்டிமீட்டரிலிருந்து சில சமயம் 10 செ.மீ.க்கு மேலும் வளர்ந்த ஒற்றைப் படிகங்களும் பசால்ட்டில் வரும். இவற்றை மெகாகிரிஸ்ட் என்பார்கள். அந்தப் பெயர் அளவை மட்டுமே குறிக்கிறது. எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. குழம்பு தன் பயணத்திலேயே வளர்த்ததா, அதே குழம்பின் உறவினர் ஒருவர் ஆழத்தில் வளர்த்ததா, முற்றிலும் அயல் பாறையிலிருந்து உதிர்ந்ததா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கருப்பாகப் பளபளக்கும் நான்கு படிகங்கள் அடிக்கடி ஆளை மாற்றிக்கொள்ளும். ஆகைட் சிப்பி வளைவாக உடைந்து கண்ணாடி மினுக்கம் காட்டும். எரிமலைக் கண்ணாடி என்று எடுத்துப்போவோர் அதிகம். கெயர்சுடைட் இரண்டு திசையில் சுத்தமாகப் பிளக்கும், பிளவுகளுக்கு இடைக்கோணம் சுமார் 56, 124 டிகிரி. தட்டினால் பளிங்கு முகங்கள் படிப்படியாகத் தெரியும். ஸ்பைனலும் வளைவாகவே உடையும், ஆனால் கடினம் 7.5க்கு மேல், குவார்ட்ஸை எளிதாகக் கீறும், ஆகைட் கீறாது. மேக்னடைட்டைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். வெளிர் நிறத்தில் தெளிவாக, ஃபெல்ட்ஸ்பார் பிளவோடு வருவது அனார்த்தோகிளேஸ். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து எரிமலைக் களத்தில் இது பெயர்பெற்றது.

ஆலிவின் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கே போதும். ஆலிவினுக்கும் குழம்புக்கும் இடையே இரும்பு-மக்னீசியப் பங்கீட்டுக் கெழு (ஆலிவினின் இரும்பு-மக்னீசிய விகிதத்தைக் குழம்பின் அதே விகிதத்தால் வகுத்தது) சுமார் 0.30 என்று 1970இல் ரோடர், எம்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். குழம்பில் மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் அணு விகிதம் 60க்கு 40 என்றால், 1.5ஐ 0.30ஆல் வகுக்க 5. அதாவது அந்தக் குழம்பு வளர்க்கும் ஆலிவினில் ஃபார்ஸ்டரைட், அதாவது மக்னீசியப் பங்கு, 83 சதவீதம். கையில் இருக்கும் மணியோ 90 காட்டினால் அது அங்கே பிறந்ததல்ல. கால்சியமும் உதவும்: கவச ஆலிவினில் கால்சியம் ஆக்சைடு பொதுவாக 0.1 சதவீதத்துக்குக் கீழே, குழம்பு வளர்த்த ஆலிவினில் 0.15க்கு மேலே. நிக்கல் ஆக்சைடு 0.35 முதல் 0.4 சதவீதம் இருப்பதும் கவசத்தின் அடையாளமே.

நீலக்கல்லின் கனிமமான குருந்தம் இந்தக் கூட்டத்தில் மிகவும் விலைபோகும் அயலாள். தாய்லாந்தின் சந்தபுரி, கம்போடியாவின் பைலின், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, சீனாவின் சாங்லே ஆகிய இடங்களின் நீலக்கல் எல்லாம் ஆல்கலி பசால்ட் சுமந்து வந்தவை. அலுமினியம் அவ்வளவு செறியாத பசால்ட் குழம்பில் குருந்தம் வளர முடியாது. மாறாக அது கரையும். அதனால்தான் இந்தக் கற்களின் முகங்கள் அரிக்கப்பட்டு மொண்ணையாகவும், சிலவற்றின் மேல் கருப்பு ஸ்பைனல் தோல் போர்த்தியும் வருகின்றன. குயின்ஸ்லாந்துச் சரளையில் கருப்பு ஸ்பைனலும் சிர்கானும் தென்பட்டால் நீலக்கல் பக்கத்தில் இருக்கலாம் என்று தோண்டுவோர் கணக்குப் போடுவது இந்த உறவை வைத்துத்தான். இலங்கையின் இரத்தினபுரியில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படிவுகளிலிருந்து கிடைக்கும் நீலக்கல்லுக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே பசால்ட் சம்பந்தமே இல்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உயர் வெப்பத்தில் உருமாறிய பாறைகளே தாய். பசால்ட் நீலக்கல்லில் இரும்பு அதிகம், நிறம் கருமை ஓடும். கை நிறமாலைமானியில் 450 நானோமீட்டர் அருகே கெட்டியான கருங்கோடு விழும். இலங்கைக் கல்லில் அந்தக் கோடு மங்கலாகவோ காணாமலோ இருக்கும். கல் வியாபாரிகள் பிறந்த ஊரைப் பிரிக்க முதலில் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று.

கல்லைக் கவனிக்காமல் பசால்ட்டை அளந்தால்

பச்சைக் கல் வேண்டாம், பசால்ட் மட்டும் போதும் என்பவரையும் இந்த மணிகள் விடுவதில்லை. செனோலித் உதிர்ந்து மணிமணியாகக் கலந்த பசால்ட்டை அப்படியே பொடித்து அளந்தால் என்ன ஆகும்? 9 சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு உள்ள குழம்பில் 5 சதவீதம் கவச ஆலிவின் கலந்தால், ஆலிவினில் அது 49 சதவீதம் என்பதால், விடை 11 சதவீதமாக உயரும். நிக்கல் பத்து லட்சத்தில் 200 பங்கிலிருந்து 340க்குத் தாவும். ‘மாறாத ஆதிக் குழம்பு’ என்று அறிவிக்கத் தோதான எண்கள்! ஆனால் அது ஆதிக் குழம்பல்ல, கலப்படம். பொடிக்கும் முன் சில்லுகளைப் பரப்பி, பச்சை மணி தெரியும் சில்லுகளைக் கையால் ஒதுக்கினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வயதுக் கணக்கில் இந்தக் கலப்பு இன்னும் பெரிய வேடிக்கை காட்டும். ஹுவலாலாயின் 1800-1801 பாய்வில் இருந்த செனோலித் கனிமங்களை, பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாவதை வைத்து வயது காணும் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்தபோது கோடிக்கணக்கான ஆண்டுகள் வந்தன. ஆழத்தில் கனிமத்துக்குள் சிறைப்பட்ட ஆர்கான் சில நாள் பயணத்தில் முழுதும் வெளியேறவில்லை. முறை அதையும் சிதைவில் பிறந்த ஆர்கானாக எண்ணிக்கொண்டது. அளந்தது குழம்பு உறைந்த தேதியையே அல்ல. பூமியின் வயதைச் சந்தேகிப்போர் இந்த எண்களை இன்றும் தூக்கிக் காட்டுகிறார்கள். செனோலித்தை நீக்கி, பசால்ட்டின் நுண்மணித் தரையை (பெரிய படிகங்களுக்கு இடையே நிறைந்திருக்கும் நுண்ணிய பாறையை) மட்டும் பிரித்து அளப்பது அதனால் கட்டாயம்.

வெப்பமும் ஆழமும்

ஒரே கல்லில் என்ஸ்டடைட்டும் டயாப்சைடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வெப்பமானியாகப் பயன்படுகிறது. வெப்பம் கூடக்கூட என்ஸ்டடைட் அதிகக் கால்சியத்தை ஏற்கும், டயாப்சைடு கொஞ்சம் இழக்கும். எலக்ட்ரான் நுண்ஆய்வியில் இரண்டின் நடுப்பகுதியையும் அளந்து, பிரேயும் கோலரும் 1990இல் தந்த சூத்திரத்தில் இட்டால் வெப்பம் கிடைக்கும்; ஆல்கலி பசால்ட் கொண்டுவரும் ஸ்பைனல் லெர்சொலைட்டுகள் பலவற்றுக்கும் விடை 900 முதல் 1100 டிகிரி செல்சியஸுக்குள் விழும். சூத்திரத்துக்கு அழுத்தமும் தேவை. அதை நாம்தான் ஊகித்துத் தருகிறோம், பெரும்பாலும் 15 கிலோபார் என்று. 5 கிலோபார் தவறினாலும் வெப்பம் சுமார் 10 டிகிரிதான் நகரும் என்பதால் இது பெரிய பாவமில்லை. ஓரத்தை அளந்துவிட்டு நடு என்று எழுதுவதுதான் பாவம்.

ஆழம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஸ்பைனல் இருப்பதால் ஆழம் ஏறக்குறைய 30க்கும் 80 கி.மீ.க்கும் இடையே என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேலே பிளேஜியோகிளேஸும் கீழே கார்னெட்டும் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்த அகலமான வரம்புக்குள் துல்லியமாகச் சுட்டும் அழுத்தமானி ஸ்பைனல் லெர்சொலைட்டுக்குக் கிடையாது. ஆலிவினில் உள்ள கால்சியத்தை வைத்து ஒரு முறை உண்டு. ஆனால் அது வெப்பத்துக்கு அழுத்தத்தைவிட அதிகமாக ஆடும். பயணத்திலேயே ஓரத்தில் கால்சியம் ஏறிவிடும். போதாததற்குப் பக்கத்து டயாப்சைடிலிருந்து எழும் இரண்டாம் நிலை ஒளிர்வும் கருவியில் கால்சியமாகப் பதியும். கட்ச் லெர்சொலைட்டுகளுக்கு மட்டுமல்ல, எந்த ஊர் ஸ்பைனல் லெர்சொலைட்டுக்கும் ‘52 கி.மீ.’ என்று ஒற்றை எண் எழுதப்பட்டிருந்தால், அது எந்த முறையில் வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

கார்பன் டைஆக்சைடு குமிழிகள் தரும் விடை எளிமையானது, ஆனால் குறைந்தபட்ச எல்லை மட்டுமே. ஆலிவினுக்குள் அடைபட்ட குமிழிகளில் இருப்பது பெரும்பாலும் தூய கார்பன் டைஆக்சைடு என்பதை எட்வின் ரோடர் (முன்பு சொன்ன ரோடர் அல்ல) 1965இல் உலகின் பல இடத்து மாதிரிகளை வைத்துக் காட்டினார். குளிர்மேடையில் உறைய வைத்துச் சூடேற்றும்போது மைனஸ் 56.6 டிகிரியில் உருகினால் தூய்மை உறுதி. பிறகு திரவமும் வாயுவும் ஒன்றாகும் வெப்பத்தைக் குறித்தால் அடர்த்தி, அதிலிருந்து அழுத்தம். பெரிய குமிழிகள் மேலே வரும்போது வெடித்துக் கசிந்திருக்கும், அவற்றைச் சுற்றிச் சிறு குமிழிகளின் ஒளிவட்டம் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, சில மைக்ரான் அளவே உள்ள, தனித்து நிற்கும் குமிழிகளைத் தேட வேண்டும். கார்னெட் கிடைக்கும் இடங்களில் நிலைமை நல்லது: விக்டோரியாவின் புல்லன்மெரி, நாட்டுக் ஏரிகளின் கார்னெட் பைராக்சினைட்டுகளை வைத்துத் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஆழ-வெப்பக் கோடே வரையப்பட்டது. 150 கி.மீ.க்கும் கீழிருந்து வர வேண்டுமானால் பசால்ட் போதாது. அது ஆந்திரத்தின் வஜ்ரகரூர் போன்ற இடங்களின் கிம்பர்லைட்டுகளின், அதாவது வைரம் சுமந்து வரும் எரிமலைப் பாறைகளின், வேலை.

பாறை முன்பு எவ்வளவு உருகி இழந்தது என்பதை ஸ்பைனல் சொல்லும். குரோமியத்தைக் குரோமியம்-அலுமினியக் கூட்டுத்தொகையால் வகுத்த விகிதத்தின் இயற்கை மடக்கையை 10ஆல் பெருக்கி 24ஐக் கூட்டினால் உருகிய சதவீதம். விகிதம் 0.1 என்றால் 1 சதவீதம், 0.3 என்றால் 12. இந்தச் சூத்திரம் 0.1 முதல் 0.6 வரைதான் செல்லும், எஞ்சிய பெரிடோடைட்டுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் வகைக் கருப்புக் கல்லில் இதைப் போடுவது அர்த்தமற்றது. அது இழந்த பாறையே அல்ல, உறைந்த குழம்பு.

எண்ணாமல் விட்ட கற்கள்

இந்தக் கற்களை வைத்து அடியில் உள்ள கவசத்தின் படத்தை வரையும்போது மிகப் பெரிய கோளாறு ஆய்வகத்தில் நேர்வதில்லை, களத்தில் நேர்கிறது. குழம்பு தான் கடந்த பாதையின் சுவரை மட்டுமே பிடுங்குகிறது. அந்தச் சுவரோ முந்தைய குழம்புகள் நரம்பு நரம்பாக மாற்றிவிட்ட பகுதி. நீர்ச்சத்துள்ள, உதிரும் பாறைகள் வழியிலேயே கரைந்துபோகின்றன. எஞ்சியவற்றில் பார்வையாளர் பச்சையும் பெரியதுமான அழகிய கல்லைப் பொறுக்குகிறார்; கருப்பு பைராக்சினைட்டும், வெளிர் சாம்பல் நிற மேலோட்டு கிரானுலைட்டும் தரையிலேயே கிடக்கின்றன. அருங்காட்சியகப் பெட்டிகளில் லெர்சொலைட் அதிகம் இருப்பதற்குக் கவசம் மட்டும் காரணமல்ல.

இதைக் குறைக்கச் செலவில்லாத வழி உண்டு. பாறை முகத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் வைத்து, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும் துண்டு ஒவ்வொன்றையும் வகை பார்த்து, நீள அச்சை அளந்து, விளிம்பு கூர்மையா மழுங்கலா, எதிர்வினை ஓரம் உண்டா என்று அட்டவணையில் எழுத வேண்டும். எடுக்கப்போகும் கல்லை எண்ணி முடித்த பிறகே தேர்வுசெய்ய வேண்டும். மிகப் பெரிய கல்லை எடுத்துவர முடியாவிட்டாலும் அதன் மூன்று அச்சுகளையும் குறித்துக்கொண்டு, ஒரு சில்லை மட்டும் கொண்டுவந்து காற்றிலும் நீரிலும் எடை பார்க்கலாம். காற்று எடையை எடை இழப்பால் வகுத்தால் அடர்த்தி. 3.3க்குப் பதில் 3.0 வந்தால் ஆலிவின் செர்பென்டைனாக மாறியிருக்கிறது, அல்லது பசால்ட் நரம்பு உள்ளே ஓடியிருக்கிறது. அந்த எண்ணை ஏற்றக் கணக்கில் போடாமல் சுத்தமான வேறொரு சில்லை எடை போட வேண்டும்.